டபுள் டோர் ஃபிரிட்ஜ்: மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே குளிரவே இல்லை. கேஸ் போச்சு என்கிறார்கள், நம்பலாமா?

வில்லாபுரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 250 லிட்டர் சொச்சம் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, இன்வெர்ட்டர் மாடல் இல்லை, பழைய வகை. எட்டு ஒன்பது வருஷமாக ஒரு தொந்தரவும் தந்ததில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருந்தபோதுதான் கவனித்தோம், கீழ்ப்பகுதி குளிரவே இல்லை. காலையில் வைத்த பாலை சாயங்காலம் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது, மாவு ஒரே ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. மேலே ஃப்ரீசரில் மட்டும் ஐஸ் நன்றாகவே கட்டுகிறது. தெரிந்தவர் மூலமாக வந்த மெக்கானிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார், பின்னால் போய் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். கேஸ் போச்சு, கம்ப்ரஸரும் வீக்காக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பண்ணிவிடலாம் என்கிறார். கேட்கிற தொகையைப் பார்த்தால் புதிதாக ஒரு சிங்கிள் டோரே வாங்கிவிடலாம் போல. அம்மாவின் இன்சுலின் இதில்தான் இருக்கிறது, அதனால் சும்மா தள்ளிப்போடவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர் மெக்கானிக்:
தம்பி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கேஸ் மொத்தமாகப் போயிருந்தால் மேலேயும் ஐஸ் கட்டாது. இந்த வகை ஃபிரிட்ஜில் பெரும்பாலும் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான், ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் இருக்கிற காயிலில். அங்கே ஒரு சின்ன ஃபேன் ஓடி, குளிர்காற்றை ஃப்ரீசருக்கும், ஒரு குழாய் வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் தள்ளும். கீழே தனியாகக் குளிர வைக்க எதுவும் கிடையாது. மேலே குளிர் இருந்து கீழே வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று வருகிற வழியைத்தான்.

அந்த வழி அடைபடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் காயிலை ஐஸ் மூடிக்கொள்வது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் ஐஸ் படியவே படியாது என்று நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. காயிலில் பனி படிந்துகொண்டேதான் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸர் நின்று, காயிலுக்கு அடியில் இருக்கிற ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடி அதை உருக்கிவிடும். உருகிய தண்ணீர் பின்பக்கம் கம்ப்ரஸர் மேலே இருக்கிற ட்ரேயில் இறங்கி, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஹீட்டர், பைமெட்டல் (குளிரில் ஹீட்டருக்குக் கரண்ட் விட்டு, சூடானதும் நிறுத்துகிற சுவிட்ச்), டைமர் (ஹீட்டர் ஓட வேண்டிய நேரத்தைப் பார்ப்பது, எலக்ட்ரானிக் போர்டு இருக்கிற மாடல் என்றால் சென்சார்), இவற்றில் ஏதாவது ஒன்று போனாலும் பனி உருகாது, ஏறிக்கொண்டே போய் ஃபேனையும் குழாயையும் அடைத்துவிடும். ஃப்ரீசர் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கொஞ்ச நாள் தாங்கும், கீழ்ப்பகுதிதான் முதலில் சூடாகும்.

செலவில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். கீழே பழைய துணி போட்டுவையுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுநாள் போட்டால் ஃபிரிட்ஜ் சரியாக வேலை செய்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் இதே கதை என்றால் கோளாறு ஹீட்டர் பக்கம்தான். கேஸும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை.

மல்லிகைப்பந்தல்:
பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஃப்ரீசருக்குள் ஒரு குமிழ் இருக்கிறதா? எங்கள் வீட்டில் வெயில் காலம் என்று அதை யாரோ கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள். பழைய டபுள் டோர் நிறைய மாடல்களில் மேலே இருக்கிற குமிழ் காற்றைப் பங்கு போடுவதுதானாம், அதை அதிகமாக வைத்தால் கீழே போகிற வழி சுருங்கிவிடும். நடுவில் வைத்த பிறகு சரியானது. அதோடு சாமான்களை அடுக்கும்போது கீழ்ப்பகுதியின் பின்சுவரில் காற்று வருகிற துவாரத்தை மறைக்காமல் வையுங்கள். பூ மார்க்கெட்டில் வாங்கிய மல்லியை வாழையிலையில் சுற்றி அந்தத் துவாரத்துக்கு நேராக நான் வைத்தால் கருகிவிடுகிறது, கீழே காய்கறிப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரைக்கும் வாடாமல் இருக்கிறது.

புதூர் ஐடிஐ மாணவன்:
செல்லூர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். கேஸ் முழுதாகப் போகாமல் பாதி கசிந்திருந்தாலும் மேலே ஓரளவு குளிர்ந்து கீழே குளிராமல் இருக்குமே? எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் கேஸ் இல்லவே இல்லை என்று இப்போதே முடிவு கட்டலாமா?

செல்லூர் மெக்கானிக்:
சரியான கேள்வி. பாதி கசிந்தாலும் அப்படி நடக்கும். ஆனால் வித்தியாசம் தெரியும். கேஸ் குறைந்தால் ஃப்ரீசரில் ஐஸ்க்ரீம் கெட்டியாக நிற்காது, குழைந்துவிடும், ஐஸ் கட்டுவதற்கும் ரொம்ப நேரம் எடுக்கும். பின் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி இருக்கும், மீதி வெறுமையாக இருக்கும். ஹீட்டர் போயிருந்தால் நேர்மாறாக, காயில் முழுக்க வெள்ளையாக மூடி, ஃபின் என்கிற அதன் மெல்லிய தகடுகளே கண்ணுக்குத் தெரியாது. ஆக, தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் கேஸ் போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது, நான் உள்பட.

இன்னொன்று, கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது, வருஷத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டிய தேவையே கிடையாது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டுப் போனால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும். யாராவது கேஸ் அடிக்கிறேன் என்றால் நைட்ரஜன் விட்டு லீக் பார்ப்பீர்களா, ஃபில்டர் மாற்றுவீர்களா, வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். வாக்குவம் போடாமல் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் கேப்பிலரி என்கிற மெல்லிய குழாயின் நுனியில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் கோபப்படுகிற ஆளை வேலைக்கு வைக்காதீர்கள். இது நம் தொழிலின் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உசிலை விவசாயி:
எங்கள் வீட்டுக் கதை வேறு. உசிலம்பட்டி பக்கம் தோட்டத்து வீடு, சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் படுத்துவிடும். ஃபிரிட்ஜ் ம்ம்ம் என்று ஒரு சத்தம் போட்டு, டக் என்று நின்று, சில நிமிஷம் கழித்து மறுபடியும் ம்ம்ம், டக். ராத்திரி பூராவும் இதே பாட்டு. கம்ப்ரஸர் போச்சு என்று இங்கேயும் சொன்னார்கள். சிங்கிள் டோர்தான், பெரிய வயசும் இல்லை.

செல்லூர் மெக்கானிக்:
அண்ணே, கம்ப்ரஸர் கிளம்ப முயற்சி பண்ணி முடியாமல் போக, ஓவர்லோடு என்கிற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை நிறுத்தி அதைக் காப்பாற்றுகிறது, அந்த டக் சத்தம் அதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வோல்டேஜ் குறைவு, ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற சாமான்) பழுது, இல்லையென்றால் கம்ப்ரஸர் உள்ளேயே ஜாம். முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது. ரிலேவும் ஓவர்லோடும் கம்ப்ரஸர் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும், சில நூறு ரூபாய் சாமான்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, ரிலேயைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகல என்றால் உள்ளே இருக்கிற வில்லை உடைந்திருக்கிறது. கெப்பாசிட்டர் இருந்தால் அதைத் தொடாமல் எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

நம் ஊரில் இருக்க வேண்டியது 230 வோல்ட். சாயங்காலம் 170, 180க்கு இறங்குகிறது என்றால் ஸ்டெபிலைசர் கண்டிப்பாக வேண்டும், அதுவும் டைம் டிலே உள்ளதாக. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் பிரஷர் இன்னும் இறங்கியிருக்காது, அந்த நிலையில் அது கிளம்பத் திணறும். மூன்று நிமிஷம் இடைவெளி கொடுத்தால் போதும். டவுனுக்குள் நல்ல வோல்டேஜ் வருகிற இடத்தில் புது மாடல் வைத்திருப்பவர்கள் ஸ்டெபிலைசர் இல்லாமலும் ஓட்டலாம், கையேட்டில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள்.

மேலூர் தமிழன்:
எங்கள் வீட்டில் சிங்கிள் டோர், ஃப்ரீசர் முழுக்க ஐஸ் பிடித்து மூடியே திறக்க மாட்டேன் என்கிறது. கத்தியை வைத்துப் பேர்த்து எடுத்துவிடலாமா, இல்லை ஆஃப் பண்ணி விடணுமா? அவசரமாக மீன் வைக்கணும்.

செல்லூர் மெக்கானிக்:
கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டவே வேண்டாம். சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டியே காயில்தான், அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. என்னிடம் வருகிற சிங்கிள் டோர் கேஸ் லீக் வேலையில் ஐஸைக் குத்தி ஓட்டை போட்டதுதான் அதிகம். உஸ் என்று ஒரு சத்தம், அதோடு ஃபிரிட்ஜின் ஆயுசு முடிந்தது. ஆஃப் பண்ணி, ஒரு சட்டியில் வெந்நீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள், சீக்கிரமே பாளம் பாளமாகத் தானாக விழும். மீனை அதுவரை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். இனிமேல் ஐஸ் அரை சென்டிமீட்டர் கனம் ஆனதுமே டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கிவிடுங்கள், இவ்வளவு தூரம் வளர விடவேண்டாம்.

கோச்சடை மீனா அக்கா:
ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. பின்பக்கம் தண்ணீர் சேருகிற ட்ரே. டெங்கு சீசனில் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் ஆட்டுக்கல், பழைய டயருக்கு அப்புறம் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் டார்ச் அடிக்கிறார்கள். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது, முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை ட்ரேயைக் கொட்டி, தேய்த்துக் கழுவி வையுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அதே மாதிரி டோர் ரப்பர். இட்லி மாவு, குழம்பு எல்லாம் வழிந்து மடிப்புக்குள் போய்க் கறுப்பாகிவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து துணியால் துடைத்துவிட்டு, ஒரு ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் பார்க்கணும், கீல் பக்கம்தான் முதலில் போகும்.

வில்லாபுரம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. செல்லூர் அண்ணன் சொன்னபடி ஆஃப் பண்ணித் திறந்து வைத்தேன், பின் தகட்டுக்குள்ளிருந்து ஐஸ் உருகி விழுகிற சத்தம் ராத்திரி வரை கேட்டது. மறுநாள் போட்டதும் கீழே ஜில்லென்று வந்துவிட்டது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் 4 டிகிரி. சந்தோஷமாக இருந்தோம், ஆனால் அடுத்த வாரமே மறுபடியும் கீழே சூடு. இன்சுலினைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆக இது ஹீட்டர் பக்கம்தானா?

செல்லூர் மெக்கானிக்:
அப்படித்தான் தெரிகிறது. வருகிற ஆளிடம் ஹீட்டர், பைமெட்டல், தெர்மல் ஃபியூஸ், டைமர் நான்கையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் நல்லதாக இருந்தால் வாட்டைப் பொறுத்து சில நூறு ஓம் காட்டும். பைமெட்டலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது குளிரில்தான் கனெக்ஷன் கொடுக்கும், வெளியே எடுத்து மதுரை வெயிலில் வைத்து அளந்தால் நல்ல பைமெட்டலும் ஓப்பன், அதாவது கனெக்ஷன் இல்லை என்றுதான் காட்டும். ஐஸில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்து அப்புறம் அளக்கணும். ஐஸிலும் ஓப்பன் என்றால்தான் மாற்றணும். காயிலுக்கு அடியில் இருக்கிற ட்ரெயின் ஹோலையும் அப்போதே வெந்நீர் விட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், அது அடைத்தால் உருகிய தண்ணீர் அங்கேயே மறுபடி ஐஸாகும், இல்லையென்றால் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்கும்.

அண்ணாநகர் பாலா:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஒன்பது வருஷப் பழசுக்குச் செலவு பண்ணுவதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே? கரண்ட் பில்லும் குறையும்.

செல்லூர் மெக்கானிக்:
கம்ப்ரஸரே போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு ஹீட்டருக்காக நல்ல பெட்டியைத் தூக்கிப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பில் விஷயத்தில் ஒரு கணக்குப் பாருங்கள். ஸ்டிக்கரில் வருஷத்துக்கு 250 யூனிட் என்று போட்ட ஃபிரிட்ஜ் இரண்டு மாத பில்லில் சுமார் 42 யூனிட் எடுக்கணும். அதுவே காயில் ஐஸ் மூடி, கம்ப்ரஸர் 100 வாட்டில் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். மின்வாரியம் தருகிற இலவச யூனிட்டில் பெரும்பகுதியை ஃபிரிட்ஜ் ஒன்றே தின்றுவிடும். பில் ஏறுவதற்கு ஃபிரிட்ஜின் வயசைவிடக் கோளாறுதான் பெரிய காரணம். பின்பக்கக் கம்பி வலையில் தூசி படிவதும் அப்படித்தான், தூசியைத் தட்டுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பக்கவாட்டுச் சுவர் சூடாக இருக்கிற மாடல் என்றால் பயப்பட வேண்டாம், அதில் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் குழாய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது, ஆனால் அதன் மேல் உறை போட்டு மூடக் கூடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் ஸ்டாரோடு சேர்த்து, ரேட்டிங் பிளேட்டில் கிளைமேட் கிளாஸ் என்ன எழுத்து என்று பாருங்கள். 'எஸ்டி' என்றால் 38 டிகிரி வரைக்கும், 'டி' என்றால் 43 வரைக்கும் சுற்றுச் சூட்டைத் தாங்குகிற மாதிரி செய்தது. மதுரை மே மாதத்துக்கு, அதுவும் மாடி வீட்டுச் சமையலறையில் வைப்பதற்கு, 'டி' இருந்தால் நல்லது.

வில்லாபுரம்வாசி:
வேறு ஆளைக் கூப்பிட்டேன். பின் தகட்டைக் கழற்றியதும் காயில் முழுக்க வெள்ளை வெளேர் என்று மூடியிருந்தது. பைமெட்டலை ஐஸில் வைத்து அளந்து பார்த்தார், ஓப்பன். ஹீட்டர் நன்றாக இருந்தது, அதை மாற்றவில்லை. சாமான், கூலி எல்லாம் சேர்த்து முதல் ஆள் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. மூன்று வாரம் தாண்டிவிட்டது, கீழே 4, 5 டிகிரியில் நிற்கிறது. இன்சுலினை எந்த இடத்தில் வைப்பது சரி? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துகிற நாளில் என்ன செய்வது?

கோச்சடை மீனா அக்கா:
தம்பி, எங்கள் மாமியாருக்கும் இன்சுலின்தான். திறக்காததை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைக்கணும், ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது, உருகினாலும் கூடாது. அதனால் ஃப்ரீசரில் வேண்டாம், காற்றுத் துவாரத்துக்கு நேராகவும் வேண்டாம். நாங்கள் நடுத்தட்டின் முன்பக்கம் ஒரு டப்பாவில் வைக்கிறோம். கரண்ட் நிறுத்தப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் முந்தின ராத்திரி தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், காலையில் அதில் இரண்டைக் கீழே இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கவே மாட்டோம். மூடியே வைத்திருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும், பாட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம். இன்சுலின் டப்பா பாட்டிலை ஒட்டி இருக்கக் கூடாது, துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள். அதற்கும் மேலே கரண்ட் வரவில்லை என்றால் ஈர மணல் போட்ட பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலின். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வீட்டுச் சூட்டைவிட எவ்வளவோ மேல்.

மேலூர் தமிழன்:
கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னால் ஆர்600ஏ என்று எழுதி நெருப்புப் படம் போட்டிருக்கிறது. வாங்கலாமா, வெடிக்குமா?

செல்லூர் மெக்கானிக்:
வாங்கலாம். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயுதான், ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும், இப்போது வருகிற ஃபிரிட்ஜ் நிறைய அந்த வகைதான். வேலை பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும், கேஸை வெளியேற்றாமல் அந்தக் குழாயில் நெருப்பு வைக்கவே கூடாது. தராசில் எடை பார்த்துத்தான் கேஸ் விடணும். அதில் பழைய ஆர்134ஏ கேஸை அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், கம்ப்ரஸரும் ஆயிலும் வேறு வேறு.

விலை பேசுவதற்கு முன்னால் காலையிலேயே ஆன் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் போங்கள். ஐஸ் கட்டியிருக்கிறதா, கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறதா, பின்னால் குழாயில் புதிதாகப் பற்ற வைத்த தடம் இருக்கிறதா, உடம்பில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வேனில் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். படுக்கப்போட்டுத்தான் வரவேண்டியது ஆனால் இறக்கியதும் போடாதீர்கள், கம்ப்ரஸர் ஆயில் திரும்பி இறங்க ஒரு ராத்திரி நிற்கட்டும், மறுநாள் போடுங்கள். தோட்டத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மூன்று பின் பிளக்கில் மட்டும் போடுங்கள்.